ஆற்றங்கரைக் கல்லில் மூன்று புலி

திருநெல்வேலிக்காரி என்று சொன்னால் போதும், "அல்வா கொண்டு வந்தியா?" என்றுதான் எந்த ஊரிலும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் அல்வா கிடையாது. தாமிரபரணிக் கரையில் நாம் குனிந்துகூடப் பார்க்காமல் மிதித்துப் போகிற ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பழைய கல் மண்டபங்களின் தரையிலும் படித்துறைத் திண்ணைகளிலும் உளியால் கீறி வைத்திருக்கிற ஆடு புலி ஆட்டக் கட்டங்கள்தான் அவை.

லீவுக்குச் சென்னையிலிருந்து என் நாத்தனார் பிள்ளைகளோடு வந்திருந்தாள். மூன்று நாள் எங்கே அழைத்துப் போவது என்று யோசித்தபோது, "ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே மேல போவோம். தண்ணிக்கும் பஞ்சமில்லை, கோயிலுக்கும் பஞ்சமில்லை" என்றார் என் வீட்டுக்காரர். 78 வயதாகும் என் அத்தையும் (மாமியாரைத்தான் சொல்கிறேன்) "நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டார்கள். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற வரை தாமிரபரணி ஓடுவது ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். பெரிய ஆறுகளுக்கு முன்னால் இது சின்னப் பெண். ஆனால் பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தண்ணீருக்காக இன்னொரு மாநிலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

முதல் நாள் காலை குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே பாறையில் நிற்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் முழுகும். உற்சவ மூர்த்தியை அதற்கு முன்பே கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அன்றைக்கும் அந்தக் கோயில் முழுகித்தான் எழுந்தது.

குளித்துவிட்டு, கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். அங்கே ஒரு பழைய கல் மண்டபம். வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் நாத்தனார் பையன், "அத்தை, இங்க யாரோ முக்கோணம் போட்டு வச்சிருக்காங்க!" என்றான். அவன் கணக்குப் பாடம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது! அத்தை கிட்டே போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "ஏல, இது பாடம் இல்லல. ஆடு புலி. கல்தச்சன் சோத்து வேளையில கீறிப் போட்டிருப்பான்."

மழையும் வெள்ளமும் தேய்த்ததில் கோடுகள் மங்கித்தான் இருந்தன. வாளித் தண்ணீரை ஊற்றித் துடைத்ததும் பளிச்சென்று தெரிந்தது.

பார்த்திராதவர்களுக்காக அந்தக் கட்டத்தை எப்படி வரைவது என்று சொல்லிவிடுகிறேன். சாக்பீஸ் எடுத்துத் தரையில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விசிறி மாதிரி கீழே நாலு கோடு இறக்கி, நாலையும் ஓர் அடிக்கோட்டில் நிறுத்துங்கள். இப்போது ஒரு கூம்பு வந்திருக்கும். உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவில் மூன்று படுக்கைக் கோடு போடுங்கள், கூம்பைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி. நீண்ட நுனிகளை இந்தப் பக்கம் ஒரு கோட்டாலும் அந்தப் பக்கம் ஒரு கோட்டாலும் சேர்த்துவிட்டால் முடிந்தது. கோடுகள் சந்திக்கிற இடங்களை எண்ணிக்கொள்ளுங்கள். உச்சி 1, படுக்கைக் கோடுகளில் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4. ஆக 23 இடம்.

புலி மூன்று. ஒன்று உச்சியில், இரண்டு அதற்குக் கீழே முதல் படுக்கைக் கோட்டின் நடுவில். ஆடு பதினைந்து. ஆட்டுக்காரர் கையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒரு ஆடு இறங்கினால் ஒரு புலி நகரும். பதினைந்தும் இறங்கி முடிகிற வரை எந்த ஆடும் அசையக் கூடாது. புலி கோட்டின் வழியே ஒரு இடம் நகரலாம். பக்கத்தில் ஆடு இருந்து, அதற்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால், தாண்டிக் குதித்து அந்த ஆட்டைத் தின்றுவிடும். ஆட்டுக்குத் தாண்டவும் தெரியாது, தின்னவும் தெரியாது. நகர மட்டும் தெரியும். புலிகள் மூன்றும் எந்தப் பக்கமும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. எங்கள் வீட்டுக் கணக்கில் ஆறு ஆடு போனால் ஆட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மண்டபத்தில் அத்தை விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. இடம் 23. புலியும் ஆடுமாகக் காய் 18. ஒரு ஆட்டைக்கூட இழக்காமல் பதினைந்தையும் இறக்கிவிட்டால் கட்டத்தில் காலியிடம் 5 மட்டும்தான். மூன்று புலியும் அந்த ஐந்து இடத்தை வைத்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டும். ஒவ்வொரு ஆடு போகும்போதும் புலிக்கு ஒரு இடம் கூடுகிறது. அதனால் முதல் ஆட்டை இழப்பதுதான் பெரிய நஷ்டம். நாமோ "ஒண்ணுதானே போச்சு" என்று இருந்துவிடுவோம். முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நிற்கிற ஆட்டை, அந்தப் பக்கமாகப் புலியால் தொட முடியாது. அடிக்கோட்டு ஓரத்திலிருந்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடைத்துக்கொண்டே மேலே ஏற வேண்டும். யார் இதை யோசித்துச் செய்தாரோ, அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

என் வீட்டுக்காரர் புலி, அத்தை ஆடு. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்கு ஆற்று மணலில் பொறுக்கிய கிளிஞ்சல். அரை மணி நேரத்தில் மூன்று புலியும் உச்சியில் ஒண்டிக்கொண்டு நின்றன. "அம்மா, நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?" என்று நாத்தனார் ஆச்சரியத்தோடு கேட்டாள். அத்தை கையை உதறிக்கொண்டே சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க அண்ணன்மார் எல்லாம் மண்டபத்துலதான் கெடப்பாவ. பொம்பளப் பிள்ளை அங்க போயி உக்கார முடியுமா? குளிக்கப் போகும்போது நின்னு ஒரு கண்ணு பாப்பேன். வீட்டுக்கு வந்து அடுக்களைத் தரையில கரிக்கட்டியால வரைஞ்சு, நானும் எங்க சித்தியும் ஆடுவோம். அம்மா வார சத்தம் கேட்டா ஈரத் துணியால அழிச்சிருவோம். இந்த மாதிரிக் கல்லு மேல உக்காந்து ஆடுதது இன்னைக்குத்தான்."

நாங்கள் யாரும் பேசவில்லை. பையன் மட்டும், "ஆச்சி, இன்னொரு ஆட்டம்" என்றான்.

ஆண்களுக்கு மண்டபத்துக் கல், பெண்களுக்கு வீட்டுக்குள் பல்லாங்குழி. அந்தக் காலத்துப் பிரிவினை இதுதான். அத்தையின் பல்லாங்குழிப் பலகை இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மடக்கினால் மீன் வடிவம், விரித்தால் இரண்டு பக்கமும் ஏழேழு குழி. 1960-ல் அத்தை பெரிய மனுஷியானபோது 16 நாள் உள்ளறையில் தனியாக உட்கார வைத்தார்களாம். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. பொழுது போவதற்கு அந்தப் பலகையையும் ஒரு படி புளியமுத்தையும் உள்ளே தள்ளினார்களாம். தொட்டால் தீட்டு என்று யாரும் எதிரே வந்து உட்காரவில்லை. அதனால் தானே இரண்டு பக்கமும் ஆடிக்கொள்வாராம். ஒற்றை ஆளாக ஆடுகிற அந்த ஆட்டத்துக்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் தனியாக இருந்த சீதை ஆடியது என்பார்கள். 16 நாள் கழித்து அறைக் கதவு திறந்தது. பள்ளிக்கூடக் கதவு திறக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு அந்தப் பலகையும் வந்தது. அத்தை இதையெல்லாம் குறையாகச் சொல்லிக்கொள்கிறவர் இல்லை. கேட்டால்தான் சொல்வார்கள். எனக்குத்தான் அந்தப் பலகையைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் அந்த 16 நாள் ஞாபகம் வருகிறது.

பல்லாங்குழியின் கணக்கும் லேசுப்பட்டது அல்ல. குழிக்கு 5 முத்து என்று வைத்தால் 14 குழிக்கு 70. நம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் இருப்பது நமக்கு. ஆடும்போது நம் பக்கத்துக் குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', உடனே எடுத்துக்கொள்ளலாம். இதில் பாருங்கள், எதிராளியின் வீட்டில் போடாமல் நம்மால் சுற்றி வரவே முடியாது. நம் கையாலேயே அவள் குழியும் நிறையும். எந்தக் குழியிலிருந்து கிளம்பினால் எங்கே போய் நிற்கும் என்று மனதிலேயே ஓட்டிப் பார்க்கிறவள்தான் ஜெயிப்பாள். என் மகள் ஏழாம் வகுப்பு. வாய்ப்பாட்டுக்கு முகம் சுளிக்கிறவள், இதற்கு உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆடு புலிக்கும் பல்லாங்குழிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் பகடை கிடையாது. தாயக்கட்டத்திலும் பரமபதத்திலும் விழுகிற எண்தான் எஜமானர். பகடையும் நமக்குப் பழையதுதான். கீழடி அகழாய்விலேயே பகடைக்காய் கிடைத்திருக்கிறது, அது 2000 வருஷத்துக்கும் முந்தியது. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கப் பரமபதம் சரிதான். ஆனால் பகடையென்றால் பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு பயம். பாஞ்சாலியை வைத்து ஆடியது அதில்தானே!

இந்த அதிர்ஷ்டமா, திறமையா என்கிற வழக்கு நம் ஊரில் மட்டும் இல்லை. எங்கள் சின்ன வயதில் பணக்கார வீடுகளில் 'பேகடெல்' என்று ஒரு பலகை இருக்கும். ஆணி அடித்த சரிவுப் பலகையில் ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு ஓடி, எண் போட்ட குழியில் விழும். அந்தப் பேகடெல்தான் அமெரிக்காவில் மின்சாரமும் விளக்கும் சேர்ந்து 'பின்பால்' இயந்திரமாக வளர்ந்தது. அது வெறும் சூதாட்டம் என்று நியூயார்க் நகரத்தில் 1942-ல் தடையே போட்டுவிட்டார்கள். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபை உறுப்பினர்கள் முன்னால் நின்று, குண்டு இன்ன வழியாகத்தான் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கடையில் ஆடியதாக ஓர் இயந்திரத்தின் படம் போனில் அனுப்பியிருந்தான். பெயர் 'மெடீவல் மேட்னெஸ்'. ராஜா காலத்துக் கோட்டை ஒன்று நடுவில் நிற்கிறது. உருக்குக் குண்டால் கதவை அடிக்க அடிக்க, பாலம் இறங்கி, கதவு திறந்து, கடைசியில் கோட்டையே ஆட்டம் காணுமாம். பிரையன் எடி என்பவர் வடிவமைத்து, சிகாகோவின் வில்லியம்ஸ் கம்பெனி 1997-ல் வெளியிட்டது. ஏறக்குறைய 4000 இயந்திரம்தான் செய்தார்கள். 1999-ல் கம்பெனி பின்பால் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆனால் ஆடிப் பழகியவர்கள் விடவில்லை. பழைய இயந்திரத்துக்குப் போட்டி போட்டு விலை ஏறி, 2015-ல் வேறொரு கம்பெனி அதே ஆட்டத்தை மறுபடி செய்து விற்றது. ஆட்டம் நன்றாக அமைந்துவிட்டால் மனிதர்கள் அதைச் சாகவிடுவதில்லை போலிருக்கிறது. நம்முடையதற்கு ஒரு கரிக்கட்டி போதும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

இரண்டாம் நாள் ரயிலில் கிளம்பினோம். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகிற பாதை பெண்களுக்கென்றே போட்டது மாதிரி. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடைப் பாய், காருகுறிச்சியில் மண்பானை, வீரவநல்லூரில் தறி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறினால் அக்கரையில் அம்பாசமுத்திரம். ஜன்னலோரம் உட்காருங்கள், வயலும் வாழையும் பின்னால் மலையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி.

அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் தெரியாத அம்மாக்கள் உண்டா? அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, அடுப்பு, குடம் என்று ஒரு சமையலறையே உள்ளங்கையில் அடங்கிவிடும். கடைசல் பட்டறை ஒன்றில் நின்று வேடிக்கை பார்த்தோம். மரத்துண்டு மோட்டாரில் சுழல்கிறது. உளியை வைத்தால் சுருள் சுருளாகச் சீவல் பறந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடத்துக்கு இடுப்பு வருகிறது. பிறகு சுழலுகிற மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். தேய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பிரஷ் கிடையாது, பெயின்ட் வாசனையும் கிடையாது. முன்பெல்லாம் மஞ்சள் கடம்பு மரத்தில்தான் செய்வார்கள். இப்போது கிடைக்கிற மரத்தில் செய்கிறார்கள். வாங்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், பூசியிருப்பது அரக்கா, கடைப் பெயின்டா என்று. வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு அரக்குதான் நல்லது.

அத்தை சும்மா இருக்கவில்லை. "தம்பி, ஆடு புலிக்குக் காய் கடைஞ்சு தருவியளா?" என்று கேட்டுவிட்டார்கள். கடைசல்காரர் யோசித்துவிட்டு, "ஆட்டுக்குக் கொம்பு வைக்க முடியாதும்மா. கடைசல்ல உருண்டைதான் வரும்" என்றார். கொம்பில்லாத ஆடே போதும் என்றோம். சிவப்பில் பதினைந்து சின்னக் குமிழ், மஞ்சளில் கறுப்பு வளையம் போட்ட மூன்று பெரிய குமிழ், மாலைக்குள் தயார். கடையில் வாங்க வேண்டுமென்றாலும் இப்போது வழியிருக்கிறது. சென்னையில் 'கிரீடா' என்ற நிறுவனம் இந்தப் பழைய ஆட்டங்களையெல்லாம் அழகாகச் செய்து விற்கிறது.

மூன்றாம் நாள் பாபநாசம். கோயிலுக்கு முன்னால் ஆறு அகன்று ஓடுகிறது, மீன்கள் காலைக் கடிக்கும். அங்கே எழுத எனக்கு அதிகம் இல்லை. கூட்டமும் பழைய துணிக் குவியலும்தான் கண்ணில் பட்டன. பரிகாரம் என்று துணியை ஆற்றில் விடுகிறவர்களுக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது? கரையில் ஒரு மண்டபத்தின் தரைக்கு மேல் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். வழுக்காத கல்லை மூடி, ஈரக் காலோடு நடந்தால் வழுக்குகிற தரை! அதற்குக் கீழே எத்தனை கட்டம் இருந்ததோ என்று அத்தை முணுமுணுத்தார்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை எடுக்காதீர்கள். சிவப்பும் கறுப்புமான அந்த விதைக்குள் கடுமையான விஷம் இருக்கிறது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கை வைத்தியம் எதுவும் வேண்டாம். கழுவிக் காயவைத்த புளியமுத்தோ பெரிய சோழியோ போதும். அதையும் விவரம் தெரியாத குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் போய் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. போன வருஷம் அத்தைக்கு வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் பிரித்த பிறகு விரல் மடங்கவே இல்லை. விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். பல்லாங்குழி என்றால் ஒரு மணி நேரம் அள்ளி அள்ளிப் போடுவார்கள். எதிரே என் மகள். இப்போது தானே தலை பின்னிக்கொள்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கு தீரவில்லை. ஒரு ஆட்டைத் தின்ற புலி, அதே மூச்சில் அடுத்த ஆட்டையும் தாண்டலாமா? கூடாது என்கிறார்கள் அத்தை. தாண்டலாம் என்று பள்ளியில் ஒரு சிநேகிதி சொன்னதாக மகள் சாதிக்கிறாள். ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் இதே ஆட்டம் உண்டு. நேபாளத்தில் 'பாக் சால்' என்று சதுரக் கட்டத்தில் 4 புலியும் 20 ஆடும் வைத்து ஆடுகிறார்கள். உங்கள் ஊர் மண்டபத்தில் கட்டம் இருக்கிறதா? அங்கே புலிக்கு எத்தனை தாவல்? தெரிந்த சகோதரிகள் எழுதுங்கள். எங்கள் வீட்டில் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.